தனித்து நின்ற நியாயாதிபதி

நியாயாதிபதியின் தைரியம் சாதாரண வழக்குகளில் புலப்படாது. சர்க்கார் ஒரு தீர்ப்பை நாடி, சக நியாயாதிபதிகளும் அதற்கே இசைந்திருக்கும் வேளையில்தான் அது வெளிப்படும். சென்னை ஹைக்கோர்ட்டில் அத்தகைய தைரியத்தைக் காட்டியவர் ஸர் சேத்தூர் சங்கரன் நாயர்.

பாலக்காட்டை அடுத்த மங்கரையில் 1857-ஆம் வருஷம் பிறந்த அவர், சென்னையில் வக்கீலாகப் புகழடைந்து, 1897-ல் அமராவதி காங்கிரஸில் அக்கிராசனம் வகித்தார். 1908 முதல் 1915 வரை நியாயாதிபதியாக விளங்கினார்.

சட்டத்தை அவர் ஜனங்களின் வாழ்க்கையினின்று பிரித்துப் பார்த்தவரல்லர். கிறிஸ்தவப் பெண்ணொருத்தி ஹிந்து மதத்தைத் தழுவி ஹிந்து ஒருவரை மணந்த விவாகம் செல்லுமா என்ற கேள்வி 1909-ல் அவர் முன் வந்தது. ஜாதியார் ஒப்புக்கொண்டு அநுஷ்டித்த விவாகத்தைப் பழைய சாஸ்திர விதி காட்டி நீதிஸ்தலம் தள்ளலாகாது என்பதே அவர் நோக்கு. விவாகம் செல்லுமென்றே தீர்ப்பாயிற்று.

பெரிய சோதனை பின்னர் வந்தது. 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் அங்கேயே உயிர் துறந்தார். நீலகண்ட பிரம்மசாரி முதலிய 14 பேர்மீது சதி வழக்கு தொடரப்பட்டது. கொலையுண்டவரோ வெள்ளைக்கார அதிகாரி. ஆளும் வர்க்கத்தாரின் ஆத்திரமோ கட்டுக்கடங்காதது. மூவர் கொண்ட அந்தப் பெஞ்சில் தலைமை நியாயாதிபதி வொயிட்டும் நியாயாதிபதி எய்லிங்கும் ஒருபுறம் நிற்க, 1912-ல் சங்கரன் நாயர் மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார். பெரும்பான்மையோர் முடிவே நிலைத்தது. ஆயினும் குற்றத்தின் கொடுமை சாட்சியத்தின் குறையை நிரப்பாது என்ற தர்மம் அவரால் காக்கப்பட்டது.

பிற்பாடு வைசிராயின் நிர்வாக சபையில் அங்கத்தினராயிருந்த அவர், பஞ்சாப் கொடுமைகளை முன்னிட்டு 1919-ல் ராஜிநாமாச் செய்தார். 1922-ல் எழுதிய நூலில் அக்கொடுமைகளுக்கு ஸர் மைக்கேல் ஓட்வியரைப் பொறுப்பாளியாக்கியதால், 1924-ல் லண்டனில் மானநஷ்ட வழக்குக்கு உள்ளானார். விசாரித்த நியாயாதிபதி மக்கார்டி, ஜெனரல் டயர் செய்தது சரியே என்று ஜூரர்களிடம் தம் அபிப்பிராயத்தை வெளியிட்டார். ஜூரர் பதினொருவர் நாயருக்கு விரோதமாயினர். ஹெரால்டு லாஸ்கி ஒருவரே மாறுபட்டார். நஷ்டஈடு 500 பவுன் விதிக்கப்பட்டது. வழக்கு முடியுமுன்னரே தம் மனச்சாய்வைக் காட்டிய அந்த நியாயாதிபதியையும், சாட்சியத்தையே எடைபோட்ட நாயரையும் வாசகர்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அவரது நூல் காந்தியடிகளைக் கண்டிப்பது. அதன் வாதத்தை நாம் ஒப்ப வேண்டுவதில்லை. நமக்கு உகந்த தீர்ப்பளிப்பவரைப் போற்றுதல் எளிது. உவப்பில்லாத கருத்துடையவரிடத்தும் நடுவுநிலைமையைக் கண்டு மதிப்பதே அரிது. சர்க்கார் நம்முடையதாகிவிட்ட பின்னர் இப்பாடம் நமக்கு இன்னும் அதிகமாக வேண்டியிருக்கிறது.