காணொளிச் சுருக்க வடிவங்களும் பழைய கருவிகளும்: மாற்றத்தின் செலவை யார் சுமப்பது?

தொழினுட்ப மாற்றம் ஒன்று நிகழும்போது அதன் பயன் யாரைச் சேர்கின்றது, அதன் செலவை யார் சுமக்கின்றனர் என்னும் இரு வினாக்களும் ஒருங்கே எழுப்பப்படல் வேண்டும். காணொளித் துறையிற் பெரும்பாலும் முதலாவது வினாவே எழுப்பப்படுகின்றது. புதிய சுருக்க வடிவம் ஒன்று வெளிவரும்போது அது எத்தனை வீதத் தரவை மிச்சப்படுத்தும் என்பது பேசப்படுகின்றது; அதனை இயக்கமாட்டாத கருவிகளை வைத்திருப்போர் பற்றிப் பேசப்படுவது குறைவு. மறுபுறத்தில், பழைய கருவிகளைக் காரணங்காட்டிப் புதியதை முற்றாக மறுப்போரும் உளர். இவ்விரு நிலைப்பாடுகளும் குறைபாடுடையன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுருக்கத்தின் தேவை

1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட காட்சிச் சட்டம் ஒன்றில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் மூன்று பைட்டுகளாற் குறித்து, செக்கனுக்கு 25 சட்டங்களைப் பதிவு செய்தால், ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 155 மெகாபைட்டும் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 560 கிகாபைட்டும் தேவைப்படும். இத்துணைத் தரவை வீடுதோறும் அனுப்புதல் நடைமுறைக்கு ஒவ்வாது. எனவே திரும்பத் திரும்ப வருவன நீக்கப்படுகின்றன. விரிவுரையாளர் ஒருவர் கரும்பலகையின் முன் நின்று பேசும் காட்சியிற் பலகை மாறுவதில்லை; கையும் முகமுமே அசைகின்றன. முதற் சட்டத்தை முழுமையாக எழுதிய பின்னர், அடுத்தடுத்த சட்டங்களில் எப்பகுதி எத்திசையில் நகர்ந்தது என்பதையும் எஞ்சிய வேறுபாட்டையும் மட்டும் எழுதினாற் போதுமானது. அவ்வேறுபாட்டையும் கொசைன் உருமாற்றம் என்னும் கணித முறையாற் பகுத்து, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத நுண்கூறுகளை விட்டுவிடலாம்.

இக்கணித முறையை நசீர் அகமது, ரி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974இல் ஓர் ஆய்விதழிலே வெளியிட்டனர். பெங்களூரிற் பிறந்த அகமது இவ்வாய்வுக்கு நிதி கோரி 1972இல் ஐக்கிய அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிதியத்துக்கு விண்ணப்பித்திருந்தார், அவ்விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நிதி மறுக்கப்பட்ட அவ்வாய்வின் வழிவந்த முறைகளே இன்று பெருவழக்கிலுள்ள காணொளி வடிவங்களின் அடித்தளமாக விளங்குகின்றன.

இணக்கமின்மை தோன்றும் இடம்

காணொளி நியமம் ஒன்று, சுருக்கப்பட்ட தரவை எவ்வாறு வாசித்துக் காட்சியாக்குவது என்பதையே வரையறுக்கின்றது. சுருக்கி எழுதும் மென்பொருளை எவரும் திருத்தி மேம்படுத்தலாம். எழுதப்பட்டது நியமத்துக்கு அமைவாக இருக்கும்வரை பழைய கருவியும் அதனை வாசிக்கும். ஆயின், மேலும் சுருக்குவதற்காக வாசிப்பின் விதிகளே மாற்றப்படும்போது பழைய குறிவிலக்கி செயலிழக்கின்றது. 2003இல் வெளிவந்த எச்.264, அதே தரத்தை ஏறத்தாழ அரைப்பங்கு தரவிலே தரும் நோக்குடன் 2013இல் வெளிவந்த எச்.265, 2018இல் வெளிவந்த ஏவி1 என்பன இத்தகைய தலைமுறைகளாகும்.

கையடக்கத் தொலைபேசிகளிற் குறிவிலக்கும் பணியைப் பெரும்பாலும் சிலிக்கன் சில்லிலே பொறிக்கப்பட்ட தனிச் சுற்று ஒன்றே ஆற்றுகின்றது. அது விரைவானது, மின்கலத்தையும் அதிகம் உறிஞ்சாதது. ஆனால், ஒருமுறை பொறித்த சுற்றை மென்பொருளைப் போலப் புதுப்பிக்க இயலாது. ஏவி1 வெளிவந்தது 2018 மார்ச்சில். அதற்கான தனிச் சுற்றை உடைய முதலாவது ஐபோன் விற்பனைக்கு வந்தது 2023 செப்ரெம்பரில். நியமத்துக்கும் கருவிக்கும் இடையே ஐந்தரை ஆண்டுகள் கழிந்தன. அக்கருவி ஏழ்மையான இல்லங்களைச் சென்றடைய மேலும் பல ஆண்டுகள் செல்லும்.

ஆக்கவுரிமையின் பங்கு

இணக்கமின்மைக்குத் தொழினுட்பம் மட்டும் காரணமன்று. பேட்டன்ட் எனப்படும் ஆக்கவுரிமைகளும் இதில் முக்கிய பங்கு வகிக்கின்றன. எச்.265 வடிவத்துக்கான உரிமக் கட்டணத்தைக் கோரி 2014 முதல் 2017 வரையிலான காலத்தில் மூன்று வெவ்வேறு உரிமைக் கூட்டுகள் தோன்றின. எக்கூட்டிலும் சேராத உரிமையாளர்களும் இருந்தனர். மொத்தக் கட்டணம் எவ்வளவாகும் என்பதை எவரும் திட்டவட்டமாகக் கூற முடியாதிருந்தது. காணொளி நியமங்களை வகுத்த எம்பெக் குழுவின் தாபகர்களுள் ஒருவரான லியனார்டோ கியாரிலியோனே, அக்குழுவின் வணிக அடிப்படை நெருக்கடிக்கு உள்ளாகிவிட்டது என 2018இல் வெளிப்படையாக எழுதினார். சமூகவயப்பட்ட ஆராய்ச்சியின் விளைவு தனியுடைமை வேலிகளுக்குள் அடைபடும்போது, அவ்வேலிகளே அதன் பரவலைத் தடுக்கும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இதற்கு மாற்றாக, அமேசன், சிஸ்கோ, கூகிள், இன்ரெல், மைக்ரோசொப்ற், மொஸில்லா, நெற்பிளிக்ஸ் ஆகியன 2015இல் ஒரு கூட்டமைப்பை நிறுவி, கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க வடிவமாக ஏவி1ஐ உருவாக்கின. இதனை ஈகையெனக் கருதுதல் பொருந்தாது. தரவு குறையக் குறைய இவற்றுட் பெரும் பரிமாற்ற நிறுவனங்களின் செலவும் குறையும். மேலும், ஏவி1 தொடர்பாகவும் கட்டணம் கோரும் உரிமைக் கூட்டு ஒன்று 2019இலேயே அறிவிக்கப்பட்டது. எனினும் நியமமும் அதற்கான மூலநிரல்களும் யாவரும் கற்றுப் பயன்படுத்தத் திறந்து வைக்கப்பட்டமை உண்மையான முன்னேற்றமேயாகும்.

அடிப்படை முரண்பாடு

இங்கு நாம் கருத்தூன்ற வேண்டிய முரண்பாடு ஒன்று உண்டு. இணையத் தரவைச் சிறுகச் சிறுக விலைகொடுத்து வாங்கும் மாணவனுக்கே சுருக்கம் மிகவும் தேவைப்படுகின்றது. ஆனால், அவன் கையிலுள்ள பழைய தொலைபேசியே புதிய வடிவத்தை இயக்கமாட்டாதது. பழைய வடிவத்தைக் கொடுத்தால் அவன் தரவுக்காகச் செலவிடுகின்றான்; புதிய வடிவத்தைக் கொடுத்தாற் கருவிக்காகச் செலவிட நேர்கின்றது. 2020இற் பெருந்தொற்றின்போது விரிவுரைகள் இணையத்துக்கு மாறியவேளை, கல்வியும் இக்கணக்குக்கு உட்பட்டது.

இம்முரண்பாட்டைத் தணிக்கும் வழி மென்பொருட் குறிவிலக்கியாகும். பாரிஸ் நகருக்கு அண்மையிலிருந்த பொறியியற் கல்லூரி ஒன்றின் மாணவர் முயற்சியாக 1996இல் தொடங்கிய வீடியோலான் அமைப்பு, ‘டேவிட்’ என உச்சரிக்கப்படும் ஏவி1 குறிவிலக்கியை 2018இல் வெளியிட்டது. தனிச் சுற்று இல்லாத கருவியிலும் பொதுச் செயலியைக் கொண்டே இது இயங்குகின்றது. 854 × 480 புள்ளிகள் கொண்ட காட்சியிற் கையாள வேண்டிய புள்ளிகள் முற்கூறிய 1920 × 1080 காட்சியின் ஐந்தில் ஒரு பங்கே. ஆகவே சிறிய காட்சியளவிற் பல பழைய தொலைபேசிகளும் இச்சுமையைத் தாங்கும். 2020 பெப்ரவரியில் நெற்பிளிக்ஸ் அன்ரொயிட் தொலைபேசிகளில் ஏவி1ஐ அறிமுகஞ் செய்தபோது இக்குறிவிலக்கியையே பயன்படுத்தியது. தரவைச் சேமிக்க விரும்பிய பார்வையாளர்களே முதலிற் பயன்பெற்றனர்.

ஒரு முன்னுதாரணமும் சில முடிவுகளும்

மாற்றத்தின் செலவைப் பகிர்ந்துகொள்வதற்கு வரலாற்றிலே முன்னுதாரணம் உண்டு. பிரித்தானியாவில் 1936இல் ஆரம்பமான 405 வரித் தொலைக்காட்சி முறைக்குப் பதிலாக 1964இல் 625 வரி முறை புகுத்தப்பட்டது. பழைய பெட்டிகளிற் புதிய அலைவரிசை தெரியவில்லை. ஆயினும் பழைய ஒளிபரப்பு உடனே நிறுத்தப்படவில்லை. 1985 ஜனவரி வரை, இருபது ஆண்டுகளுக்கு மேலாக, அது தொடர்ந்தது. புதியது மறுக்கப்படவுமில்லை, பழையதை வைத்திருந்தோர் ஒரே நாளிற் கைவிடப்படவுமில்லை.

இதிலிருந்து பல்கலைக்கழகங்களும் ஆவணக் காப்பகங்களும் சில முடிவுகளைப் பெறலாம். முதலாவது, புதிய வடிவத்தை ஏற்கும்போது எச்.264 பிரதியையும் உடன் வைத்திருத்தல் வேண்டும். கருவி எதனை வாசிக்குமோ அதனை அனுப்பும் முறை இன்று வழக்கிலுள்ளது. சேமிப்புக்கான மேலதிகச் செலவை வெளியிடும் நிறுவனமே ஏற்றல் முறையாகும். இரண்டாவது, சிறிய காட்சியளவிலான பிரதி ஒன்று எப்போதும் கிடைத்தல் வேண்டும். மூன்றாவது, இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு மூலப் பதிவை அழித்தலாகாது. இச்சுருக்கம் இழப்புடையது, சுருக்கியதை மீண்டும் சுருக்கினால், இழந்ததன் மேலும் இழப்பு நேரும்.

புதிய வடிவங்களை ஏற்கத்தான் வேண்டும். ஏற்காவிடில் தரவுக்கு அதிக விலை கொடுப்பவன் ஏழையே. ஆனால், அவன் கையிலுள்ள கருவி பயனற்றுப்போகும் வகையில் அம்மாற்றம் நிகழுமாயின், ஒருவரின் சிக்கனத்தை இன்னொருவரின் செலவாக மாற்றியதைத் தவிர நாம் வேறெதனையும் சாதித்தவராகோம்.