மேனிபோல்டு கசிந்தால்

இரவெல்லாம் குளிர்ந்து நின்ற பழைய அம்பாஸடர் காரைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்கு அடியிலிருந்து டிக், டிக் என்று ஒரு சப்தம் எழுந்து, வண்டி இரண்டு மைல் ஓடிச் சூடேறியபின் தானே அடங்கிவிடுமானால், சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் அதை டாப்பட் சப்தம் என்று தீர்மானித்து, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் கசிவாகவும் இருக்கலாம். அப்படியாயின் அதை அலட்சியம் செய்வது காருக்கு மட்டுமன்றி, காருக்குள் அமர்ந்து பிரயாணம் செய்பவர்களுக்கும் கேடாக முடியக்கூடியது.

பெட்ரோல் எரிந்தபின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளிப்படும் அனல் வாயுவை ஒன்றுசேர்த்து சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய்த் தொகுதியே எக்ஸாஸ்ட் மேனிபோல்டு. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மூலமாகக் கொண்டு, வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 2014 வரை தயாரித்து வந்த அம்பாஸடரில், நெடுங்காலம் இடம்பெற்றிருந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினின் அமைப்பு இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கது. அதில் காற்றும் பெட்ரோலும் உள்ளே செல்லும் வழிகள் இரண்டும், எரிந்த வாயு வெளியேறும் வழிகள் மூன்றும் சிலிண்டர் ஹெட்டின் ஒரே பக்கத்தில் மாறிமாறி அமைந்திருக்கின்றன. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களின் வாயு நடுத்துவாரம் ஒன்றன் வழியாகவே வெளியேற வேண்டியிருப்பதால், அந்த இடம் மற்ற இடங்களைவிட அதிக உஷ்ணத்தைத் தாங்குகிறது. இந்த ஐந்து துவாரங்களையும் ஒரே பேக்கிங்தான் அடைத்துக் காக்கிறது.

கசிவுக்கு மூலகாரணம் உஷ்ணமே. அரை மீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு 500 டிகிரி சூடேறினால் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் நீள்கிறது. ஆனால் அது இறுகப் பொருந்தியிருக்கும் ஹெட்டோ, உள்ளே தண்ணீர் ஓடுவதால் அவ்வளவு சூடேறாமல், அவ்வளவு நீளாமல் நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு பிரயாணத்திலும் ஒன்று நீள, மற்றொன்று தடுக்க, வருஷக்கணக்கில் இந்த இழுபறி நடந்து, முடிவில் மேனிபோல்டின் முகம் வளைந்துவிடுகிறது. அல்லது அதை ஹெட்டோடு பிணைக்கும் ஸ்டட்டு தளர்கிறது. அல்லது வார்ப்பிலேயே விரிசல் காண்கிறது. சூடேறியதும் சப்தம் அடங்குவது பழுது தீர்ந்துவிட்டதால் அன்று. இரும்பு விரிந்து இடைவெளியைத் தற்காலிகமாக மூடிக்கொள்வதால்தான்.

கசிவின் வழியே வெளிவரும் வாயுவில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் அது ஒட்டிக்கொண்டு, உடலுக்குச் சேரவேண்டிய பிராணவாயுவைத் தடுத்துவிடுகிறது. பழைய கார்களில் எஞ்சின் அறைக்கும் பிரயாணிகளுக்கும் நடுவிலுள்ள தகரத்தில், கம்பிகளும் வயர்களும் நுழையும் ஓட்டைகளின் ரப்பர் வளையங்கள் உலர்ந்து உதிர்ந்திருப்பது சாதாரணம். கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் செல்லும்போது தலைவலியும் மயக்கமும் தோன்றினால், களைப்பு என்று எண்ணாமல் உடனே வண்டியை நிறுத்தி வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும்.

கசிவைக் கண்டறிவது கடினமன்று. டாப்பட் சப்தம் எஞ்சினின் வேகத்தை மட்டுமே தொடர்ந்து செல்லும். கசிவின் சப்தமோ மேட்டில் ஏறும்போதும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் ஓங்கி, காலை எடுத்ததும் தணியும். டார்ச் விளக்கை அடித்து, மேனிபோல்டும் ஹெட்டும் சேரும் மூட்டின் ஓரத்தைக் கூர்ந்து நோக்கினால், வாயு பீறிட்ட இடத்திலிருந்து விசிறியைப்போல் விரிந்த ஒரு கரிக்கோடு பெரும்பாலும் தென்படும். திறந்த வெளியில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, மூட்டின்மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால், கசியும் இடத்தில் நுரை கொப்புளிப்பதும் உண்டு.

கழற்றும் வேலைதான் மெக்கானிக்கின் பொறுமையைச் சோதிப்பது. முந்தின நாளே நட்டுகளில் துருநீக்கி எண்ணெயை விட்டு ஊறவைத்து, மறுநாள் பாட்டரி இணைப்பை எடுத்து, பெட்ரோல் குழாயை அடைத்து, கார்புரேட்டரைக் கழற்றியபின், ஒவ்வொரு நட்டையும் கால் சுற்றுத் தளர்த்தி, மீண்டும் சற்றே முறுக்கி, மறுபடி தளர்த்த வேண்டும். அவ்விதம் முன்னும் பின்னுமாக அசைக்கும்போது மரையிலிருந்து செந்நிறத் துருப்பொடி எண்ணெயோடு கலந்து வெளிவரும். அது வரும்வரை காத்திருக்கப் பொறுக்காதவன் கையில் ஸ்டட்டு முறிந்துவிடும். முறிந்த ஸ்டட்டை அதன் நடுமத்தியில் துளையிட்டு எடுக்க வேண்டும். துளை சற்றே விலகினாலும் ஹெட்டின் மரை பாழாகும். ஐந்து நிமிஷ அவசரத்துக்கு ஒரு நாள் வேலை தண்டனையாகிறது.

கழற்றியவுடன் புதிய பேக்கிங்கை வைத்துப் பூட்டிவிடுவது நம் பட்டறைகளில் அடிக்கடி நிகழும் தவறு. பேக்கிங் எரிந்ததற்குக் காரணம் எதுவோ அதைக் கண்டுபிடிக்காதவரை, புதிய பேக்கிங்கும் சில மாதங்களில் அதே கதியை அடையும். ஆகையால் பழைய பேக்கிங்கைச் சுரண்டி, மேனிபோல்டின் முகத்தின்மேல் நேரான இரும்புச் சட்டத்தை வைத்து, அடியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு நுழைகிறதா என்று ஒவ்வோரிடத்திலும் பார்க்க வேண்டும். நுழைந்தால் லேத்துப் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சமமாக்க வேண்டும். காற்று செல்லும் மேனிபோல்டும் இதனோடு சேர்த்தே ஹெட்டில் அமர்வதால், இரண்டையும் ஒன்றாகப் பூட்டிச் சமன்செய்வதே முறை. இல்லையேல் ஒன்று அடைபட, மற்றொன்று காற்றை உறிஞ்சி, எஞ்சின் ஐடிலில் நடுங்கும். பழைய பேக்கிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம் என்பதால், உலர்ந்த நிலையில் சுரண்டாமல், ஈரப்படுத்திச் சுரண்டித் துடைத்தெடுப்பது நுரையீரலுக்குப் பாதுகாப்பு. விரிசல் இருந்தால், வார்ப்பிரும்பை முன்கூட்டிச் சூடாக்கி, நிக்கல் கம்பியால் பற்றவைத்து, மணலிலோ சாம்பலிலோ மூடி மெல்ல மெல்ல ஆறவிடத் தெரிந்த கைதேர்ந்த வெல்டரிடமே ஒப்படைக்க வேண்டும். சட்டென்று ஆறவிட்டால் பற்றிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும்.

திரும்பப் பூட்டும்போது, துருப்பிடித்து இறுகாத பித்தளை நட்டுகளையும், இரு மேனிபோல்டுகளையும் ஒருங்கே அழுத்தும் கனத்த வாஷர்களையும் போட்டு, நடுவில் தொடங்கி இருபுறமும் ஓரத்தை நோக்கிச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். ஏறத்தாழ 15 பவுண்டு-அடி முறுக்கே போதுமானது. பலத்தைக் காட்டி அதற்குமேல் இறுக்கினால் ஸ்டட்டுதான் நீளும். எஞ்சினை ஓட்டிச் சூடேற்றி, முற்றிலும் ஆறியபின் நட்டுகளை இன்னொரு முறை சரிபார்த்தால்தான் வேலை பூர்த்தியாகும்.

பழைய உதிரி பாகங்கள் அரிதாகிவரும் இக்காலத்தில், நல்ல மேனிபோல்டு ஒன்றைக் காப்பாற்றுவது காரையே காப்பாற்றுவதற்குச் சமானம். அதற்கு வேண்டிய முதல் சாதனம் ஸ்பேனர் அன்று, அவகாசம். எண்ணெய் ஊறவும் இரும்பு ஆறவும் ஆகும் காலத்தை எந்த மெக்கானிக்காலும் குறைக்க முடியாது. 'சாயங்காலத்துக்குள் வண்டி வேண்டும்' என்று சொந்தக்காரர் நெருக்கும்போதுதான் ஸ்டட்டு முறிகிறது, வளைந்த முகம் அளக்கப்படாமல் போகிறது, கசிவு மீண்டும் வருகிறது. ஆகவே பட்டறையில் காரை விடும்போதே இரண்டு மூன்று நாள் அவகாசம் தந்து, முகத்தை அளந்தீர்களா என்று கேட்டறிந்து, அந்தப் பொறுமைக்கும் சேர்த்து மனமுவந்து கூலி கொடுப்பதே சொந்தக்காரரின் கடமை.