மருத்துவமனைக்கும் மூன்று கணக்கு உண்டு

ஒரு புது ஆலையின் பருப்பைக் கொள்முதல் செய்யும் முன் நாம் எவ்வளவு விசாரிக்கிறோம்! ஆலையில் நின்று தரம் பார்ப்பவர் யார், அடக்க விலை என்ன, வாங்கிப் போன கடைக்காரர் மறுமுறையும் அதையே கேட்டாரா என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு மூட்டையைக்கூட இறக்குவதில்லை. ஆனால் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், யாரோ சொன்ன மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்பிவிடுகிறோம். பல வருடம் சேர்த்த முதலை ஒரே வாரத்தில் செலவழிக்கப் போகிற இடத்தைப் பற்றி அரை நிமிடம்கூட விசாரிப்பதில்லை.

அவசரத்தில் விசாரிக்க முடியாது என்பது உண்மைதான். அதனால்தான் உடம்பு நன்றாக இருக்கும்போதே விசாரித்து வைக்க வேண்டும் என்கிறோம். நாம் கேட்க வேண்டியவை மூன்றே கணக்குகள். ஆட்கள் போதுமா? செலவு எவ்வளவு? போய் வந்தவர் மனநிறைவோடு திரும்பினாரா? இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. முதல் கணக்கு சரியாக இருந்தால் மற்ற இரண்டும் பெரும்பாலும் தாமாகவே நேராகிவிடும் என்பதுதான் இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது.

பேரேடு சொல்லும் செய்தி

தருமபுரியிலிருந்து பென்னாகரம், ஒகேனக்கல் வரை சரக்கு அனுப்புகிற மொத்த வியாபாரிகளான நமக்கு, ஒரு கடையில் என்ன நடக்கிறது என்பதைப் பேரேடே சொல்லிவிடும். வாராவாரம் ஒழுங்காகப் பணம் கட்டிய கடையின் நிலுவை திடீரென்று ஏறினால், விசாரித்துப் பார்க்கும்போது பெரும்பாலும் கிடைக்கும் பதில் "ஆஸ்பத்திரிச் செலவுங்க" என்பதுதான். பெண்ணின் கல்யாணச் செலவுக்கு முன்கூட்டியே திட்டம் இருக்கும், சீட்டும் போட்டிருப்பார்கள். நோய்க்கு அப்படி யாரும் சீட்டு போட்டு வைப்பதில்லை.

ஒகேனக்கல் கடைக்காரர்களின் நிலை இன்னும் நெருக்கடியானது. காவிரியில் வெள்ளம் வந்தால் பரிசலுக்குத் தடை, அருவியில் குளிக்கத் தடை. பயணிகள் வராவிட்டால் மீன் வறுவல் கடைக்கு எண்ணெய் வேண்டாம், எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளிக்குக் கூலி இல்லை, மளிகைக் கடையில் வியாபாரம் இல்லை. அந்த மாதத்தில் ஒரு நோயும் சேர்ந்து வந்தால், கடையில் அடுக்கியிருக்கும் சரக்கே மருந்தாகக் கரைந்துபோகிறது.

2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை மத்திய அரசு நாடு முழுவதும் எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பின்படி, ஒருவர் ஒருமுறை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றால் ஆகும் சராசரிச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய். தனியாரில் 31,845 ரூபாய். பிரசவம் இதில் சேரவில்லை. இதை நம் கல்லாக் கணக்கில் மாற்றிப் பார்ப்போம். நூறு ரூபாய் விற்பனையில் ஐந்து ரூபாய் மிஞ்சுகிற மளிகைக்காரர், முதல் தொகையை ஈடுகட்ட 89 ஆயிரம் ரூபாய்க்கு விற்க வேண்டும். இரண்டாவது தொகைக்கு 6 லட்சத்து 37 ஆயிரம் ரூபாய்க்கு விற்க வேண்டும். இது சராசரிதான், இருதயம், சிறுநீரகம் என்று போனால் தொகை எங்கேயோ போய்விடும்.

முதல் கணக்கு: ஆட்கள்

கட்டடத்தைப் பார்த்து மருத்துவமனையை மதிப்பிடுவது, சாக்கின் முத்திரையைப் பார்த்து அரிசி வாங்குவது போல. உள்ளே இரவு இரண்டு மணிக்கு யார் இருக்கிறார் என்பதே முக்கியம்.

நம் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. அரூர்ப் பக்கம், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே உள்ளது சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடி மக்களும் லம்பாடி மக்களும் வாழும் பகுதி. 1993இல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா என்ற மருத்துவத் தம்பதியர் இங்கே வந்தபோது மருத்துவமனைக்கு ஐம்பது கிலோமீட்டர் அளவுக்குப் போக வேண்டும். அறுவைச் சிகிச்சை என்றால் அதைவிட இரு மடங்கு தூரம். பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 147 பேர் ஒரு வயதை எட்டாமலே இறந்துகொண்டிருந்தனர். அந்த ஊர் மக்கள் கட்டிக்கொடுத்த ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கியது.

அவர்கள் செய்த பெரிய காரியம் கட்டடம் அல்ல. வெளியூர் செவிலியர் மலையடிவாரத்தில் தங்க மாட்டார் என்பதைப் புரிந்துகொண்டு, அந்த ஊர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பிரசவம் பார்க்கவும், அறுவைச் சிகிச்சையில் உதவவும், மருந்தைக் கணக்காகக் கொடுக்கவும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். வேறு சில பெண்கள் ஊர் ஊராகச் சென்று கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் எடை பார்த்துக் குறித்து வருகிறார்கள். பணிபுரிவோரில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். ஊரை விட்டுப் போகாத ஆட்கள். இன்று அது அறுவை அரங்கம், பிரசவ அறை எல்லாம் கொண்ட முப்பதுக்கும் மேற்பட்ட படுக்கைகளுள்ள மருத்துவமனை. குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 20 என்ற அளவுக்கு இறங்கியது.

அரசு மருத்துவமனைகளிலும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும். 2008இல் தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஒகேனக்கல்லிலிருந்து தருமபுரி 46 கிலோமீட்டர். அதற்கு முன்னால் மலைப்பாதை ஏறியதும் பென்னாகரத்தில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. 2008 செப்டம்பரில் தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கிய பிறகு, மலைப்பாதை விபத்துக்கு லாரியைக் கைகாட்டி நிறுத்த வேண்டிய நிலை மாறியது. வண்டி வந்துவிட்டது, கட்டடமும் உயர்ந்துவிட்டது. மயக்க மருந்து நிபுணர் இன்று பணியில் இருக்கிறாரா, இரவுப் பணிக்கு எத்தனை செவிலியர் என்பதைத்தான் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது கணக்கு: செலவு

ஆள் சரியாக அமைந்தால் செலவு எப்படிக் குறையும்? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார்த்தால் தெரியும். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பின், 1976இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் வளைந்துபோன கையால் ஆயிரக்கணக்கான கண் அறுவைகளைச் செய்தவர் அவர்.

அங்கே உள்ள முறை நமக்கு எளிதாகப் புரியும். கல்லாவில் உட்கார வேண்டிய முதலாளியே பொட்டலமும் கட்டி, மூட்டையும் தூக்கினால் வியாபாரம் ஓடுமா? அறுவை மருத்துவர் அறுவை மட்டும் செய்கிறார். பார்வை சோதிப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, நோயாளியைத் தயார் செய்வது, ஆறுதல் சொல்வது எல்லாம் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பு. கிராமங்களில் பள்ளிப் படிப்பு முடித்த பெண்களைச் சேர்த்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுக்கிறார்கள். ஒரு மேசையில் அறுவை முடியும்போது பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். இதனால் அங்கே ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2,000 அறுவை என்ற அளவுக்குச் செய்ய முடிகிறது. எண்ணிக்கை கூடக் கூட ஒரு அறுவையின் அடக்கம் இறங்குகிறது. கட்டணம் கட்டுவோரின் பணத்திலேயே, இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் வருகிற பாதிக்கு மேற்பட்டோருக்கும் வைத்தியம் நடக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வந்த கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் நூறு டாலர் அளவில் விற்ற காலத்தில், 1992இல் ஆரோலேப் என்ற சொந்த ஆலையைத் தொடங்கி அதைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். கொள்முதலிலேயே லாபம் என்று நாம் சொல்வது அங்கேயும் செல்லுபடியாகிறது.

அரசுத் தரப்பிலும் இதற்கு இணையான ஒரு சாதனை உண்டு. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை மொத்தமாக ஒரே இடத்தில் வாங்குகிறது. கம்பெனிப் பெயரைப் பார்க்காமல் மருந்தின் மூலப்பெயரில் டெண்டர். உற்பத்தியாளரிடமிருந்து நேரடிக் கொள்முதல். மாவட்டக் கிடங்கில் இறங்கிய பின் மாதிரி எடுத்து ஆய்வகச் சோதனை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பற்றுவரவுப் புத்தகம். மண்டி நடத்தியவர் எவரும் இந்த ஏற்பாட்டைப் பார்த்துத் தலையாட்டுவார். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய முறை இது.

இந்தப் பகுதிக்கென்றே ஒரு செலவுக் கணக்கும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, வளைந்த கால், நாற்பது வயதிலேயே மூட்டு வலி என்று எத்தனை குடும்பங்கள் வைத்தியத்துக்கு அலைந்தன! இதற்கு ஊசியோ மாத்திரையோ தீர்வு இல்லை. குடிக்கும் தண்ணீரை மாற்றுவதே தீர்வு. ஜப்பான் நிதியுதவியுடன் 1,928.80 கோடி ரூபாயில், 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. வராமல் தடுத்த நோய்க்கு ரசீது கிடையாது. ஆனாலும் அது நம் வரவில்தான் சேர்கிறது.

மூன்றாவது கணக்கு: மனநிறைவு

வாடிக்கையாளர் மறுபடி வருவது சரக்குக்காக மட்டும் அல்ல. சொன்ன பேச்சுக்காகவும் வருகிறார். மருத்துவமனைக்கும் இது பொருந்தும். நமக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் ஒரு தனியார் மருத்துவமனையில் மனைவியைச் சேர்த்தார். காலையில் ஒரு தொகை சொன்னார்கள். மாலையில் வேறு தொகை. மூன்றாம் நாள் கடையை அடகு வைக்கும் நிலை. அம்மையாருக்கு நோய் தீர்ந்துவிட்டது. ஆனாலும், "வைத்தியத்தைக் குறை சொல்லலைங்க. என்ன ஆகும்னு முதல்லயே சொல்லியிருந்தா மனசு நொந்திருக்காது" என்றார். தொகையைவிட, அதை மறைத்ததே அவரை வருத்தியது.

அரசு மருத்துவமனையில் குறை வேறு விதமாக இருக்கும். பணம் கேட்க மாட்டார்கள்; ஆனால் காத்திருக்க வேண்டும், ஒரே ஒரு செவிலியர் நாற்பது பேரைக் கவனிக்கும்போது இனிய சொல்லுக்கு நேரம் இராது. சொல் கடுமைக்குக் காரணம் பல சமயம் ஆள் பற்றாக்குறைதான். சிட்லிங்கியில் நோயாளியின் பேச்சு வழக்கிலேயே பதில் சொல்ல ஒரு பெண் இருக்கிறார். அரவிந்தில் கையைப் பிடித்து அழைத்துப்போக ஒருவர் இருக்கிறார். மனநிறைவு அங்கேதான் பிறக்கிறது.

இதையும் இப்போது மதிப்பெண் போட்டுப் பார்க்கிறார்கள். மத்திய அரசின் தேசியத் தர உறுதிச் சான்று பெற ஓர் அரசு மருத்துவமனை குறைந்தது 70 மதிப்பெண் எடுக்க வேண்டும். நோய்த்தொற்றுத் தடுப்பு முதல் நோயாளியின் உரிமை வரை அதில் அடக்கம். 2015 முதல் தூய்மைக்கெனத் தனியாகக் காயகல்ப் விருதும் உண்டு. நம் பகுதி மருத்துவமனை எத்தனை மதிப்பெண் எடுத்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு முழு உரிமை இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் பகுதி மருத்துவமனைகளின் விவரத்தை ஒரே தாளில் எழுதிக் கடைகளில் ஒட்டலாம். எந்த நேரத்தில் எந்தச் சிகிச்சை உண்டு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டை எங்கே ஏற்கிறார்கள் என்ற விவரம் போதும். ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு அக்காப்பீடு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கைகொடுக்கிறது. நம் சிறு கடைக்காரர்கள் பலர் தகுதி இருந்தும் அட்டை வாங்காமல் இருக்கிறார்கள். 1989இல் அமைந்த வணிகர் நல வாரியத்திலும் பதிவு செய்து வைப்பது நல்லது.

இரண்டாவதாக, நன்கொடை விஷயம். மருத்துவமனைக்கு நாற்காலியும் கடிகாரமும் வாங்கிக் கொடுத்து அதில் பெயர் எழுதுவது நம் வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் பென்னாகரம் போன்ற ஊரில் வேலைக்கு வரும் செவிலியரும் மருத்துவரும் நிலைத்து நிற்காததற்கு நல்ல வாடகை வீடு கிடைக்காததும் ஒரு காரணம். அந்த ஊர்க் கட்டடங்களில் கணிசமானவை வணிகர்களாகிய நம்முடையவை. முன்பணத்தைக் குறைத்து, நியாயமான வாடகைக்கு ஒரு செவிலியர் குடும்பத்துக்கு வீடு கொடுப்பது நூறு நாற்காலிக்குச் சமம். வசதி உள்ளவர்கள், செவிலியர் படிக்க விரும்பும் உள்ளூர்ப் பெண் ஒருவரின் படிப்புச் செலவை ஏற்கலாம். கண் சிகிச்சை முகாமுக்கு இடமும் விளம்பரமும் சாப்பாடும் நம் பொறுப்பு என்றால், மருத்துவர்கள் வரத் தயாராக இருக்கிறார்கள்.

மூன்றாவதாக, சிகிச்சை முடிந்து திரும்பியவர் நல்லது கெட்டது இரண்டையும் மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். டீக்கடையில் பேசுவது கணக்கில் ஏறாது. நன்றாகக் கவனித்த செவிலியரைப் பாராட்டி நாலு வரி எழுதினால், அடுத்து வரும் நோயாளிக்கும் அது பயன்படும்.

ஆளை நிலைநிறுத்திய மருத்துவமனையில் செலவு அடங்குகிறது. நோயாளி மனம் குளிர்ந்து திரும்புகிறார். வரும் பொதுக்குழுவில் நன்கொடைப் பட்டியல் எடுக்கும்போது, செவிலியருக்கு வீடு என்ற ஒரு வரியையும் உறுப்பினர்கள் அதில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.