பதினெட்டு வயதில் வரும் கூச்சம்

என் அக்கா மகன் பிளஸ் டூ வரை பள்ளியில் ஒரு பேச்சுப் போட்டியைக்கூட விட்டவன் இல்லை. ஊர்த் திருவிழா மேடையில் மைக்கைப் பிடித்தால் கீழே இறக்குவது கஷ்டம். பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், இங்கிலீஷில் 'செல்ஃப் இன்ட்ரோ' என்று எழுப்பி நிறுத்தியபோது பேரைச் சொன்னான், ஊரைச் சொன்னான், அதற்குமேல் வரவில்லை. இரண்டாவது பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். மறுநாளே கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான்.

கூச்சத்தில் இரண்டு வகை உண்டு என்கிறார் உளவியலாளர் ஆர்னால்ட் பஸ். ஒன்று, முதல் வயதிலேயே தலைகாட்டும் அச்சக் கூச்சம். புது முகத்தைக் கண்டு அம்மா தோளில் முகம் புதைக்கிறதே, அது. மற்றது நாலைந்து வயதுக்குப் பிறகு, 'அடுத்தவர் கண்ணுக்கு நான் எப்படித் தெரிகிறேன்' என்ற நினைப்பு முளைத்ததும் வருவது. விடலைப் பருவத்தில் இதுதான் உச்சத்துக்குப் போகும். எல்லாம் பிறவிக் குணம் என்பாரும் உண்டு. நாலு மாதக் குழந்தைகளிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புதிய பொருளைக் கண்டால் கைகால் உதறி அழுவதை ஹார்வர்டின் ஜெரோம் ககன் பதிவு செய்திருக்கிறார். இருக்கட்டும். மேடையில் முழங்கிய பையன் பதினெட்டு வயதில் ஊமையானதற்குப் பிறவியைக் காரணம் சொல்ல முடியாது.

அவனிடமே கேட்டேன். "பதில் தெரியும் மாமா. எந்திரிச்சதும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்கல்ல, அப்பவே போயிடுது."

போவது பாடம் இல்லை. தமிழில் தோன்றும் பதிலை மனத்துக்குள் இங்கிலீஷாக்கி, 'இஸ்'ஸா 'வாஸ்'ஸா என்று சரிபார்த்து முடிப்பதற்குள் ஆசிரியர் அடுத்தவரிடம் போயிருப்பார். தப்பித்தோம் என்று நெஞ்சு லேசாகும். கூச்சத்தை வளர்ப்பது இந்த நிம்மதிதான். ஒருமுறை நழுவியவருக்கு அடுத்த முறை நழுவுவது இன்னும் எளிது. செமினார் அன்று லீவு, சந்தேகம் கேட்க வெட்கம், 'பீட்டர் விடுறவங்க' இருக்கும் கேண்டீன் மேஜைப் பக்கமே போகாமை என்று வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். நாலாம் வருடம் குரூப் டிஸ்கஷனில் உட்காரும்போது அவனுக்கு வாய் திறந்த பழக்கமே இருக்காது.

லண்டனில் சட்டம் படித்த காந்திக்கும் இது நடந்தது. சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தார். ஒரு முக்கியமான விவாதத்தில் தன் கருத்தை எழுதிக்கொண்டு போயும் படிக்கத் துணிவில்லை. வேறொருவர்தான் படித்தார். பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர், தலை சுற்றி உட்கார்ந்துவிட்டு, வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். அதே மனிதர் 1893இல் பிரிட்டோரியா போன சில நாட்களிலேயே இந்திய வணிகர்களைக் கூட்டிப் பேசினார். வாழ்க்கையின் முதல் பொதுப்பேச்சு என்று அவரே அதைக் குறிப்பிடுகிறார். எதிரே இருந்தவர்கள் மதிப்பெண் போட வந்தவர்கள் இல்லை. சொல்ல வேண்டிய விஷயமும் அவசரமாக இருந்தது. அங்கேதான் ஒரு நாவிதருக்கும் ஒரு குமாஸ்தாவுக்கும் ஒரு கடைக்காரருக்கும் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார்.

2021இல் தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு வந்தது. தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் பலருக்கு அது கதவைத் திறந்துவிட்டது. உள்ளே வந்தவர்கள் வாய் திறக்க வழி செய்தோமா? இதை நினைத்தால் எனக்கு இரவில் தூக்கம் பிடிப்பதில்லை. முதல் அறிமுகத்தை அவரவர் மொழியில் சொல்லவிட்டால் பாடத்திட்டம் கெட்டுவிடாது. பதிலை முதலில் தமிழில் கேட்டுக்கொண்டு, பிறகு இங்கிலீஷில் சொல்லச் சொல்லலாம். யாராவது சிரித்தால் அந்த இடத்திலேயே நிறுத்தலாம்.

போன மாதம் அவன் விடுதிக்குப் போயிருந்தேன். மறுநாள் இன்டர்னல் தேர்வு. கட்டிலில் நாலு பேர் உட்கார்ந்திருக்க, தரையில் சாக்பீஸால் படம் போட்டு வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை அவன் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தான். டீ ஆறுவது ஏன், ஆறிய டீ தானாகச் சூடாகாதது ஏன் என்று அரை மணி நேரம். கேட்டவர்களில் ஒருவன் அந்த இரண்டாவது பெஞ்சுக்காரன்.