தவறு எப்படி நடக்கிறது?

அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. உப்புப் போட்டாயிற்று. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடுகிறார். இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்ததும் சந்தேகம். உப்புப் போட்டோமா, இல்லையா? மறுபடி ஒரு கரண்டி விழுகிறது. குழம்பு கரிக்கிறது.

"புத்தி எங்கே போச்சு?" என்று திட்டு விழுகிறது. புத்தி எங்கேயும் போகவில்லை. புத்தி வேலை செய்யும் விதமே அப்படி.

மனித மனம் ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கவனிக்காது. ஆகவே தினமும் செய்யும் வேலையைப் பழக்கத்திடம் விட்டுவிடுகிறது. சைக்கிள் ஓட்டுபவர் ஒவ்வொரு மிதியையும் யோசித்தா மிதிக்கிறார்? கால் தானாக மிதிக்கிறது. இது பெரிய உதவி. ஆனால் பழக்கத்துக்குக் கண் கிடையாது. கவனம் வேறு பக்கம் திரும்பினால் பழக்கம் தடம் மாறிவிடும்.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் ரீசன் என்ற உளவியல் பேராசிரியர் இருந்தார். ஒரு நாள் அவர் தேநீர் தயாரித்தார். பூனை பசியில் கத்தியது. பூனைக்கு வைத்திருந்த தீனியை எடுத்துத் தேநீர்ப் பாத்திரத்தில் போட்டுவிட்டார்! அவர் அதைச் சிரித்து மறந்துவிடவில்லை. தவறு எப்படி நடக்கிறது என்று ஆராயத் தொடங்கினார். 1990-ல் மனிதத் தவறு பற்றி ஒரு நூலே எழுதினார்.

தவறுகளை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

ஒன்று, கை தவறுவது. தீனி தேநீரில் விழுந்தது இந்த வகை.

இரண்டு, மறப்பது. காலை மாத்திரையைப் போட்டுக்கொள்ளாமல் வேலைக்குப் போவது இந்த வகை.

மூன்று, தப்பாகப் புரிந்துகொள்வது. நாளுக்கு ஒரு மாத்திரை என்று டாக்டர் சொல்கிறார். வேளைக்கு ஒரு மாத்திரை என்று நோயாளி நினைக்கிறார். தவறாமல் மூன்று வேளையும் போட்டுக்கொள்கிறார். மூன்றாவது வகைதான் ஆபத்தானது. ஏனென்றால் செய்பவருக்குத் தவறு என்றே தெரியாது.

மேற்கு வங்காளத்தில் நடந்த ஒரு விபத்து இதைக் காட்டுகிறது.

2024 ஜூன் 17. காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் கொல்கத்தாவின் சியால்தா நிலையத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. ரங்கபாணி என்ற ஊருக்கு அருகே ஒரு சரக்கு ரயில் பின்னாலிருந்து மோதியது. சரக்கு ரயிலின் ஓட்டுநர் உட்படப் பலர் இறந்தனர்.

அன்று காலையிலிருந்தே அந்தத் தடத்தில் சிக்னல் பழுது. சிவப்பு விளக்கைத் தாண்டிப் போகலாம் என்று ஓட்டுநர்களுக்குத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

சரக்கு ரயில் ஓட்டுநர்தான் காரணம் என்று ரயில்வே தரப்பில் அன்றே சொன்னார்கள். இறந்தவர் எப்படிப் பதில் சொல்வார்?

பிறகு ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரித்தார். உண்மை வெளியே வந்தது. சிக்னல் பழுதான பிறகு அந்தத் தடத்தில் ஏழு ரயில்கள் சென்றிருந்தன. 15 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. பழுதான ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இப்படிச் சென்றது காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மட்டுமே. மற்ற ஆறு ரயில்களும் அப்படிச் செல்லவில்லை.

ஒருவர் தவறினால் அவருடைய கவனக்குறைவு எனலாம். ஆறு ரயில்களும் தவறினால்? கொடுத்த தாளே சரியான தாள் இல்லை. எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்று அதில் இல்லை. ஓட்டுநர்களுக்கும் நிலைய அதிகாரிகளுக்கும் போதிய பயிற்சி இல்லை. இது நடக்கக் காத்திருந்த விபத்து என்று ஆணையர் எழுதினார். ஆபத்து வந்தால் ரயிலுக்குத் தானாக பிரேக் போடும் கவச் கருவியை விரைவில் பொருத்தவும் சொன்னார்.

அப்படியானால் யாரையும் கேட்கக் கூடாதா? கேட்க வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது தவறி நடப்பது அல்ல, தெரிந்தே செய்வது. அதற்குத் தண்டனை வேண்டும். ஆனால் அறியாமல் நடக்கும் தவறு திட்டினால் நிற்காது. திட்டுக்குப் பயந்து மனிதர் தவறை மறைப்பார். மறைத்த தவறு மறுபடி வரும்.

நல்ல ஏற்பாடுதான் தவறைத் தடுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஒரு பட்டியலை வெளியிட்டது. நோயாளி இவர்தானா? அறுவை செய்யும் இடம் இதுதானா? இப்படிச் சில கேள்விகளை அறுவைக்கு முன் எல்லோர் காதிலும் விழும்படி கேட்க வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் செய்து பார்த்தார்கள். முன்பு 1000 நோயாளிகளில் 15 பேர் இறந்தனர். பிறகு அது 8 ஆகக் குறைந்தது.

வீட்டிலும் இப்படிச் செய்யலாம். மாத்திரை போட்டதும் காலண்டரில் ஒரு கோடு போடுங்கள். டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று கேளுங்கள். மண்ணெண்ணெயையும் பூச்சி மருந்தையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். போனில் பணம் அனுப்பும் முன் தொகையை வாய்விட்டுப் படியுங்கள்.

தவறு நடந்தால் "யார் செய்தது?" என்பதோடு நிற்க வேண்டாம். "எப்படி நடந்தது?" என்றும் கேளுங்கள். அடுத்த தவறைத் தடுக்கும் வழி அந்தக் கேள்வியில் இருக்கிறது.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கும் தவறு எது? அது மூன்று வகைகளில் எந்த வகை?

2. அதைத் தடுக்க என்ன ஏற்பாடு செய்யலாம்?