இரும்பு வேதம் – 11: நாதமுனிகள் எடை சொன்ன தாளம்

சிங்கப்பூர், 1992, தமிழ்ப் பையன்கள், ருத்ரா என்ற மெட்டல் குழு. இதற்கு மேல் முன்கதை கிடையாது. தவறவிட்டவர்கள் பழைய இதழ்களை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். போன வாரம் 2003இல் வந்த ‘குருக்ஷேத்ரா’ ஆல்பத்தில் நிறுத்தியிருந்தேன். டிரம்மர் சிவாவின் கை அதற்குப் பிறகு எப்படி மாறியது என்பதுதான் இந்த வாரக் கணக்கு. எழுதத்தான் உட்கார்ந்தேன், நடுவில் வைணவ ஆசாரியர் நாதமுனிகள் வந்துவிட்டார். வந்தவரைப் போகச் சொல்ல ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவனுக்கு வாய் வருமா?

முதலில் சிவா. 1998இல் வந்த முதல் ஆல்பம் டெத் மெட்டலும் திராஷும் கலந்த சரக்கு. அந்த வகை இசையில் கிதார் ரிஃப்தான் எஜமான். டிரம்ஸ் அதற்குக் காவல், பாட்டு அதற்குக் கூலி. ரிஃப்பில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே வார்த்தையைத் திணித்துவிட்டுப் பாடகர் நகர்ந்துவிட வேண்டும். ருத்ராவில் பாடுகிறவரும் பேஸ் கிதார் வாசிக்கிறவரும் கதிர் ஒருவரே என்பதால், இந்தத் திணிப்பின் வலி அவருக்கு இரண்டு பக்கமும் தெரிந்திருக்கும். 2001இல் ‘தி ஆர்யன் குருசேட்’, அப்புறம் ‘குருக்ஷேத்ரா’. மந்திரமும் நம் இசைக்கருவிகளும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தன. ஆனாலும் சத்தம் தொடங்கியதும் அவை எழுந்து இடம் கொடுத்துவிடும்.

‘பிரம்மவித்யா’ வரிசையில்தான் நிலைமை மாறுகிறது. 2005, 2009, 2011 என்று மூன்று ஆல்பங்கள். கதிர் வேதாந்தத்தை முறையாகப் படித்தவர். படித்தவருக்குச் சுலோகத்தை வெட்டிப் போட மனசு வராது. இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. அனுஷ்டுப் சந்தத்தில் பாதத்துக்கு எட்டு எழுத்து, நாலு பாதம், ஆக 32. எட்டு என்றதும் நாலு நாலாக எண்ணும் டிரம்மருக்குக் கொண்டாட்டமாக இருக்கும். ஆனால் லகுவுக்கு ஒரு மாத்திரை, குருவுக்கு இரண்டு. எழுத்து எட்டே என்றாலும் பாதத்தின் நீளம் பாதத்துக்குப் பாதம் மாறும். சுலோகத்தை நசுக்கினால் ரிஃப் பிழைக்கும், ரிஃப்புக்கு வால் முளைக்கவிட்டால் சுலோகம் பிழைக்கும். ஆரம்ப கால ருத்ரா நசுக்கினார்கள். பிறகு வால் முளைத்தது என்பது என் காதின் தீர்ப்பு. டிரீம் தியேட்டரும் மெஷுகாவும் ஒற்றைப்படைக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்து அடைந்த இடம் ஒன்று உண்டு. இவர்கள் ஓதிப் பார்த்து அதன் வாசல்வரைக்கும் போயிருக்கிறார்கள். முற்போக்கு மெட்டல் என்று யாரும் இவர்களுக்குச் சீட்டு ஒட்டவில்லை, ‘வேதிக் மெட்டல்’ என்றுதான் பெயர். யூஜின் டைரியநாதன் என்ற சிங்கப்பூர் இசை ஆய்வாளர் அந்தப் பெயரிலேயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்.

சொல் முன்னே போகத் தாளம் பின்னே போகிறது என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. இதை நான் வருஷா வருஷம் மார்கழியில் பார்க்கிறேனே! பகல் பத்து, அர்ஜுன மண்டபம். உயரமான குல்லாய், கழுத்தில் பெருமாள் சாத்திக் களைந்த மாலை, இரண்டு உள்ளங்கையிலும் வெண்கலத் தாளம். அரையர் பாசுரத்தைச் சொல்கிறார், தாளம் அதற்குப் பின்னால் வருகிறது. வரி நீண்டால் காத்திருக்கும், முடிந்தால் கணீரென்று மூடும். பண்ணெல்லாம் பெரும்பாலும் காலத்தில் கரைந்துபோய்விட்டது, தாளம் நிற்கிறது. இந்த மரபை ஏற்படுத்தியவர் நாதமுனிகள் என்றும், கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் என்ற இரண்டு மருமகன்களுக்கு இசையோடு சொல்லிக்கொடுத்தார் என்றும் குருபரம்பரைக் கதைகள் சொல்லும்.

அதே கதைகளில் இன்னொன்று. சோழன் அவையில் ஒருத்தி தேவகானம் பாடுகிறாள், இன்னொருத்தி மனுஷ்யகானம். மன்னனுக்கு இரண்டாவதுதான் ரசித்தது. முதலாமவள் பெருமாள் முன்னால் பாடிக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டாள். வீரநாராயணபுரத்தில், இன்றைய காட்டுமன்னார்கோயிலில், நாதமுனிகள் அவள் பாட்டைக் கொண்டாட, ‘இதில் என்ன கண்டீர்?’ என்று மன்னன் கேட்கிறான். அவர் தாளங்களைக் கொண்டுவந்து ஒரே நேரத்தில் தட்டச் சொல்கிறார். எத்தனை தாளம் என்பது கதை சொல்கிறவரின் தாராளத்தைப் பொறுத்தது. தட்டி முடித்ததும் எது எவ்வளவு எடை என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார்.

பக்திக் கதை என்று தள்ளிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் டிரம்ஸ் சிம்பல் பற்றிப் படித்துக்கொண்டிருந்த நேரம் அது. நல்ல சிம்பல் செம்பு 80, வெள்ளீயம் 20 என்ற வெண்கலம். ஒரே விட்டத்தில் இரண்டு சிம்பல் இருந்தால் கனமானதற்குச் சுருதி ஏறும், ஒலியும் நீண்டு நிற்கும். மெல்லியது தாழ்ந்து பேசும், சட்டென்று அடங்கும். தட்டையான வட்டத் தகடாக வைத்துக்கொண்டால் தடிமன் இரட்டித்தால் எடையும் இரட்டிக்கும், சுருதியும் இரட்டிக்கும், அதாவது கீழ் ஸட்ஜம் மேல் ஸட்ஜம் ஆகும். குழிந்த தாளத்தில் கணக்கு இவ்வளவு துல்லியமாக வராது, போகிற திசை மட்டும் அதேதான். ஆக, தாளத்தின் எடை காதில் விழுகிற சமாசாரம்! அத்தனையும் ஒரே அகலமாக இருந்தால் போதும்.

சும்மா இருக்க முடியவில்லை. பெரிய கடை வீதிப் பக்கம் ஒரு பாத்திரக்கடைக்குப் போனேன். ‘பஜனைக்கா சார்?’ என்றார் கடைக்காரர். ஆராய்ச்சிக்கு என்று சொன்னால் விலை ஏறும் என்பதால் ஆமாம் என்றேன். ஒரே அகலத்தில் இரண்டு ஜோடி எடுத்துப்போட்டு, எடை பார்க்காமல், கயிற்றைப் பிடித்துத் தட்டச் சொன்னேன். ஒன்று கிணிங்கென்று எழுந்து, கடை மேல்தட்டில் இருந்த குத்துவிளக்குகளைச் சுற்றிவந்து, ஆறஅமர இறங்கியது. மற்றது சளாரென்று விழுந்து போயிற்று. ‘முதல்ல அடிச்சது கனம்’ என்றேன். தராசில் போட்டார், கனம்தான். ‘இது எங்க கடைப் பையனுக்கே தெரியும் சார். கனத்தது நிக்கும், மெல்லிசு சளசளங்கும்’ என்று சொல்லிவிட்டு இரண்டு ஜோடியையும் என் தலையில் கட்டினார். நாதமுனிகள் செய்ததில் பாதி கடைப் பையன் செய்வான். மீதிப் பாதி, கூட்டமாக ஒலிக்கும்போது ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பது. அதற்கு நாதமுனிகள்தான் வேண்டும்.

மெட்டல் ஒலிப்பதிவில் எல்லாருக்கும் இடறுகிற கல்லும் அதேதான். சிதறலேற்றிய கிதாரின் மேல் ஒலியும் சிம்பலின் மேல் ஒலியும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். கவனிக்காமல் விட்டால் நாலு சிம்பலும் சேர்ந்து ஒரே இரைச்சலாகிவிடும். முதல் ஆல்பத்தை இப்போது போட்டுக் கேளுங்கள், ஆவேசம் இருக்கிறது, தனித்தனி வெண்கலம் கேட்காது. 2009இன் ‘டிரான்ஸெண்டென்டல் ஐ’யில் ஓதல் வரும் இடங்களைக் கேளுங்கள். கிதார் ஒதுங்க, சிவாவின் சிம்பல்களைக் கனம், மெலிசு என்று பிரிக்க முடிகிறது. அவர் வேகம் குறைந்துவிட்டதாகச் சொல்கிற பழைய ரசிகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பதினோரு வருஷத்தில் அந்த மனிதர் காத்திருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். டிரம்மர்களுக்கு அதுதான் கடைசியாக வரும்.

ஒற்றைப்படைக் கணக்கைப் பற்றிப் பேசிவிட்டதால், இந்த இடத்தில் பூவாளூர்க்காரர் திருச்சி சங்கரனைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல ஆசை. 1971இல் டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே மிருதங்கமும் சொற்கட்டும் சொல்லிக்கொடுத்தவர். ஏழு எண்ணிக்கை ரிஃப் ஒன்றைக் கேட்டு வெள்ளைக்கார விமர்சகர் மூர்ச்சையாகிற நேரத்தில் லால்குடிப் பக்கத்துப் பிள்ளை ‘தகிட தகதிமி’ என்று எண்ணிவிட்டு விளையாடப் போய்விடும். ஆசிரியர் பக்கக் கணக்கைக் காட்டுகிறார், அவருக்குத் தனி வாரம் கேட்டு வாங்குகிறேன்.

இதற்கிடையில் உத்தர வீதிப் பெரியவர் ஒருவர் வழிமறித்தார். இந்தத் தொடரை விடாமல் படிக்கிறார், பாட்டைக் கேட்டதில்லை, கேட்கிற உத்தேசமும் இல்லை. ‘ஏன் ஓய், உடையவர் திருமேனியோட எழுந்தருளியிருக்கிற ஊர்ல உட்கார்ந்துண்டு மாயாவாதிகள் கச்சேரிக்கு விளம்பரம் பண்றீரே, அடுக்குமா?’ கேள்வி நியாயமானது. ருத்ரா பாடுவது பச்சை அத்வைதம். உடையவரான ராமானுஜர் அதை வரிக்கு வரி மறுத்து ஸ்ரீபாஷ்யம் செய்தவர். 2016இல் ருத்ரா வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் ‘எனிமி ஆஃப் டுவாலிட்டி’, அதாவது இரண்டு என்பதற்கே எதிரி. பெரியவரிடம் இந்தப் பெயரை இன்னும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அச்சில் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆமாம், அடுத்த வாரம் அந்த ஆல்பம்தான். சிவாவின் கால் வேலையும் இரட்டைப் பெடலும் அதோடு சேர்ந்து வரும். அதற்குள் நீங்கள் 2009இன் ‘ஹிம்ஸ் ஃப்ரம் தி பிளேஸிங் சாரியட்’ பாட்டை ஒரு தரம் கேட்டுவிடுங்கள். முதல் அரை நிமிஷத்தில் ஓடிவிடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்வது நல்லது.