திருச்சபையாவது எது?

"கோவிலுக்குப் போகிறோம்" என்னும்போது எம்மிற் பலர் கட்டிடத்தையே நினைக்கின்றோம். ஆனால் புதிய ஏற்பாட்டில் திருச்சபையைக் குறிக்கும் "எக்ளேசியா" என்ற கிரேக்கச் சொல் கட்டிடத்தைக் குறிப்பதன்று. நகரத்தின் பொதுக் காரியங்களைத் தீர்மானிக்க அழைக்கப்பட்டுக் கூடிய குடிமக்களின் கூட்டத்திற்கே கிரேக்கர் அப்பெயரை வழங்கினர். ஆதிக் கிறிஸ்தவர்கள் வீடுகளிலேயே கூடினர். பிரிஸ்கா, அக்கிலா தம்பதியரின் வீட்டிற் கூடிய சபைக்குப் பவுல் வாழ்த்துச் சொல்கிறார் (உரோமையர் 16:5).

அப்படியானால் விசுவாசிகள் கூடும் எந்தக் கூட்டமும் திருச்சபையாகிவிடுமா? எருசலேமின் முதற் சபையிடம் நான்கு அடையாளங்கள் காணப்பட்டன: அப்போஸ்தலரின் போதனை, ஐக்கியம், அப்பம் பிட்குதல், செபம் (அப்போஸ்தலர் பணி 2:42). இங்கு ஐக்கியம் என்பது வெறும் நட்பன்று. இருப்பவர் இல்லாதவருடன் பகிர்ந்து கொள்வதும் அதனுள் அடங்கும்.

பிற்காலத்தில் சபைகள் வெவ்வேறு அம்சங்களை வலியுறுத்தின. 1530ஆம் ஆண்டின் ஓக்ஸ்பேர்க் விசுவாச அறிக்கை, நற்செய்தி செம்மையாகப் போதிக்கப்பட்டு, அருட்சாதனங்கள் முறைப்படி வழங்கப்படும் இடத்தில் திருச்சபை உண்டு என்றது. கத்தோலிக்கர் அப்போஸ்தலர் வழிவந்த ஆயர்களுடனான ஒன்றிப்பையும் அவசியமெனக் கொள்வர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபையை "இறைமக்கள்" என விளக்கியது.

எமது நாட்டு வரலாறும் இதற்கு ஒளி தருகிறது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்கள் தடைசெய்யப்பட்டனர். 1687இல் யோசேவ் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்தபோது, குருவின்றியும் விசுவாசத்தைக் காத்துவந்த குடும்பங்களைக் கண்டார். குருவானவர் இல்லாமையால் அம்மக்கள் கலைந்து போகவில்லை. அதேவேளை, நற்கருணைக்காக ஏங்கிய அவர்கள் ஆபத்தையும் பொருட்படுத்தாது அவரை மறைத்துக் காத்தனர்.

போதனையும் வழிபாடும் ஒழுங்காக நடந்தாலே போதுமா? கொரிந்துவில் வசதியுள்ளோர் முந்திக்கொண்டு உண்ண, ஏழைகள் பசியோடிருந்தனர். அவர்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று எனப் பவுல் கண்டித்தார் (1 கொரிந்தியர் 11:20-22). பகிர்வு அற்றுப்போனால் விருந்தே பொய்யாகிவிடுகிறது என்பதே இதன் பொருள்.

சிந்தனைக்கு:

1. எமது சபையில் யாராவது சாதியினாலோ வறுமையினாலோ பின்வரிசையில் நிற்கின்றனரா?

2. கோவில் திருத்த வேலைக்குச் சேரும் பணத்துடன் ஒப்பிட்டால், கிராமத்து விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் நாம் செலவிடுவது எவ்வளவு?

3. கட்டிடம் நாளை இல்லாது போனாலும் நாம் கூடுவோமா?